72,000 ரூபாய் லேப்டாப்பைத் தவணையில் வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. நாங்கள் திருப்பூரில் இருக்கிறோம். கணவர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நான் வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். இருவருக்கும் சேர்த்து மாதம் 38,000 ரூபாய் வருகிறது. மகள் இந்த வருடம் அரசு கலைக் கல்லூரியில் பி.காம் முதலாண்டு சேர்ந்திருக்கிறாள். 2017-ல் வாங்கிய லேப்டாப் ஒன்று இருக்கிறது (இன்டெல் ஐ5 ஏழாம் தலைமுறை, 4 ஜிபி ரேம்). ஆன் ஆகவே ஐந்து நிமிடம் ஆகிறது. விண்டோஸ் 10-க்கு இனி அப்டேட் வராது என்று வேறு காட்டுகிறது. கடையில் 72,000 ரூபாய் லேப்டாப் ஒன்றை, வட்டியில்லாமல் மாதம் 6,000 வீதம் 12 தவணையில் தருகிறோம் என்கிறார்கள். என் தம்பி அவனுடைய கிரெடிட் கார்டைத் தருவதாகச் சொல்கிறான். கையிருப்பு 35,000 ரூபாய். நகைச்சீட்டில் மாதம் 3,000 வீதம் ஏழு மாதம் கட்டியிருக்கிறேன். அதை நிறுத்திவிட்டு லேப்டாப் தவணை கட்டலாமா? பக்கத்து வீட்டுப் பையன் பழைய லேப்டாப்பிலேயே லினக்ஸ் போட்டால் போதும் என்கிறான். அதை நம்பலாமா?

பதில்: வணக்கம் சகோதரி. தம்பியின் கார்டையும் தொட வேண்டாம், நகைச்சீட்டையும் நிறுத்த வேண்டாம். பக்கத்து வீட்டுப் பையன் சொல்வதில் பெரும்பகுதி சரி. டேலி என்ற கணக்கு மென்பொருளை மட்டும் அவன் யோசிக்கவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

கடைக்குப் போகும் முன் கல்லூரி அலுவலகத்துக்குப் போய்வாருங்கள். இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் தருவோம் என்று தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில் அறிவித்து, அதற்கு 2,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. உங்கள் மகள் அரசுக் கல்லூரி மாணவி. அவளுடைய பெயர் பட்டியலில் இருக்கிறதா, இல்லையென்றால் அவளுடைய வகுப்புக்கு எப்போது வரும் என்று நேரில் கேளுங்கள். இதைக் கேட்காமல் 72,000 ரூபாய் செலவழித்து, அடுத்த வருடம் கல்லூரியிலேயே ஒன்று கையில் கொடுத்தால் மனம் எவ்வளவு வலிக்கும்!

அடுத்து அந்த வட்டியில்லாத் தவணை. கடன் கொடுக்கிற எந்த வங்கியும் வட்டி வாங்காமல் இருப்பதில்லை. பூஜ்ய வட்டி என்று சொல்லி வேறு பெயரில் வசூலிப்பதை ரிசர்வ் வங்கி 2013-லேயே கண்டித்திருக்கிறது. இப்போது நடப்பது என்னவென்றால், வட்டித் தொகையைக் கடையோ கம்பெனியோ தள்ளுபடியாக முன்னாலேயே கழித்துவிடுகிறது. மீதித் தொகைக்கு வங்கி வட்டி போட்டு அதை மறுபடி 72,000 ஆக்கிவிடுகிறது. ஆண்டுக்கு 15% வட்டி என்று வைத்துக்கொண்டால், மாதம் 6,000 வீதம் 12 தவணை கட்டும் கடனின் அசல் சுமார் 66,500 ரூபாய்தான். மீதி ஐந்தாயிரத்து ஐந்நூறு வட்டி. கிரெடிட் கார்டு வட்டிக்கு 18% ஜிஎஸ்டி உண்டு, அது கிட்டத்தட்ட ஆயிரம் ரூபாய். இந்த ஆயிரத்தை யாரும் தள்ளுபடி செய்ய மாட்டார்கள், உங்கள் தலையில்தான் விழும். பிராசஸிங் கட்டணம் தனி. அதனால் எந்தக் கடையிலும் முதலில் கேட்க வேண்டியது, "மொத்தப் பணத்தையும் இப்போதே கொடுத்தால் என்ன விலை?" என்பது. குறைத்துத் தந்தால் அந்தக் குறைந்த தொகைதான் பொருளின் விலை.

தம்பியின் கார்டு வேண்டாம் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் இருக்கிறது. ஒரு மாதம் கம்பெனியில் ஆர்டர் குறைந்து, நீங்கள் கொடுப்பது தள்ளிப்போனால், நிலுவைக்கு மாதம் மூன்றரை சதவீதம் அளவில் வட்டி ஓடும். ஆண்டுக் கணக்கில் அது 42%. கடன் மதிப்பெண் கெடுவது தம்பிக்கு. நாளை அவர் வீட்டுக் கடன் கேட்டுப் போகும்போது அது முன்னால் வந்து நிற்கும். அக்கா தம்பி உறவுக்கு நடுவில் ஒரு லேப்டாப் தவணையை நுழைக்காதீர்கள்.

நகைச்சீட்டில் ஏழு மாதம் கடந்துவிட்டது. பாதியில் நிறுத்தினால் போனஸ் போய்விடும். பல கடைகளில் பணமாகத் திருப்பித் தர மாட்டார்கள், நகையாகத்தான் எடுக்கச் சொல்வார்கள். 11 மாதச் சீட்டென்றால் இன்னும் நான்கு மாதம்தான், முடித்துவிடுங்கள். கையிலிருக்கும் 35,000 உங்கள் குடும்பத்தின் ஒரு மாதச் செலவுக்கே சரியாக இருக்கும். ஆஸ்பத்திரி, பள்ளம் மேடு எல்லாவற்றுக்கும் இருக்கிற ஒரே துணை அதுதான். அதை மொத்தமாக எடுக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

சரி, அப்படியானால் மகள் எதில் படிப்பாள்?

பழைய லேப்டாப்பில். அது மெதுவாக ஓடுவதற்குக் காரணம் பிராசஸர் இல்லை. 2017-ல் வந்த இது போன்ற லேப்டாப்களில் பெரும்பாலும் சுழலும் ஹார்டு டிஸ்க்தான் இருக்கும். அதை எடுத்துவிட்டு சுழலும் பாகமில்லாத, வேகமான 256 ஜிபி எஸ்எஸ்டி போட்டு, ரேமை 8 ஜிபி ஆக்கினால் அதே லேப்டாப் ஒரு நிமிடத்துக்குள் எழுந்து உட்காரும். சமீபத்தில் ரேம் விலை ஏறியிருக்கிறது. புதிய ரேம் கட்டுப்படியாகவில்லை என்றால், இன்னொரு லேப்டாப்பிலிருந்து கழற்றிய ரேமை ஒரு மாத உத்தரவாதத்தோடு போட்டுத் தரச் சொல்லுங்கள். கூலியோடு சேர்த்து 6,000 ரூபாயைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாண்டினால் ரேமைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், எஸ்எஸ்டியை மட்டும் போடுங்கள். வித்தியாசத்தில் பெரும்பங்கு அதில்தான்.

இனி இயங்குதளம், அதாவது கணினியை இயக்குகிற விண்டோஸ், லினக்ஸ் போன்ற அடிப்படை மென்பொருள். கணினி வாங்குபவர்கள் இதைப் பணக் கணக்காகப் பார்ப்பதே இல்லை. என் பார்வையில் விலைக்கு அடுத்து முக்கியமானது, பாதுகாப்பு அப்டேட் எந்த வருடம் வரை வரும் என்பதுதான். வங்கி, யுபிஐ, ஆதார் எல்லாம் திறக்கிற கணினி அது. அப்டேட் நின்ற நாளில் அந்தக் கணினியில் போட்ட பணத்தின் ஆயுளும் முடிகிறது.

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு வழக்கமான அப்டேட் நின்றது. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்துப் பதிவு செய்தவர்களுக்கு ஓராண்டு நீட்டிப்பு கொடுத்தார்கள், அது தற்காலிகம்தான். விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும் என்பது மைக்ரோசாஃப்டின் பொதுவான நிபந்தனை. உங்களுடையது ஏழு. ஒரே படி குறைவு! குறுக்கு வழியில் போட்டுத் தருகிறேன் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். தகுதியில்லாத கணினிக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை, அதனால் வேண்டாம். கிராக் செய்த, அதாவது லைசென்ஸ் இல்லாமல் திருட்டுத்தனமாகப் போட்ட விண்டோஸ் இன்னும் மோசம். என் அலுவலகத்துக்கு வந்துகொண்டிருந்த ஒரு மளிகைக்கடைக்காரருக்கு 500 ரூபாய்க்கு யாரோ அப்படிப் போட்டுக் கொடுத்து, வைரஸ் புகுந்து மூன்று வருடக் கணக்கு பூட்டிக்கொண்டுவிட்டது. திரும்பக் கிடைக்கவேயில்லை. அவர் முகத்தை இன்னும் நான் மறக்கவில்லை.

இங்கேதான் பக்கத்து வீட்டுப் பையன் சொல்வது சரியாக வருகிறது. லினக்ஸ் மின்ட் 22 போடச் சொல்லுங்கள். பணம் கிடையாது, அப்டேட் 2029 வரை வரும். பார்ப்பதற்கும் பழைய விண்டோஸ் போலவே இருப்பதால் பழகச் சிரமமில்லை. பிரௌசரில் நடக்கிற எதுவும் நடக்கும்: நெட் பேங்கிங், யூடியூப் பாடம், ஆன்லைன் வகுப்பு, உதவித்தொகை விண்ணப்பம். வேர்டு, எக்செல் கோப்புகளை லிப்ரே ஆபீஸ் திறக்கும், அதுவும் இலவசம். தமிழ்99 விசைப்பலகை, ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாறும் ஒலிபெயர்ப்பு, இரண்டு முறையிலும் தமிழ் தட்டச்சு செய்யலாம். உங்கள் தையல் கணக்கையும் நோட்டிலிருந்து இதற்கு மாற்றிப் பாருங்கள். யாருக்கு எவ்வளவு பாக்கி என்பது ஒரே பார்வையில் தெரியும்.

போடுவதற்கு முன் ஒரு வேலை. லினக்ஸைப் பென் டிரைவில் ஏற்றி, எதையும் அழிக்காமல் அதிலிருந்தே கணினியை இயக்கிப் பார்க்க முடியும். பையனை அப்படி ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். வைஃபை, கேமரா, ஸ்பீக்கர், வீட்டில் பிரிண்டர் இருந்தால் அது, எல்லாம் வேலை செய்கிறதா என்று மகளே பார்க்கட்டும். சில பழைய பிரிண்டர்கள் தகராறு செய்யும். சந்தேகம் வந்தால் தமிழிலேயே படிக்க கணியம் இணைய இதழ் இருக்கிறது. 2012 முதல் இந்த விஷயங்களை எளிய தமிழில் எழுதி வருகிறார்கள்.

இப்போது டேலி. பி.காம் மாணவிக்கு இதுதான் சிக்கல். டேலி பிரைம் விண்டோஸுக்காக எழுதப்பட்டது, லினக்ஸில் நேரடியாக ஓடாது. ஜிஎஸ்டி, கம்பெனிப் பதிவு வேலைகளில் பயன்படும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்களும் விண்டோஸில்தான் தொல்லையில்லாமல் வேலை செய்யும். ஆடிட்டர் அலுவலகத்தில் சேரப் போகிற பெண்ணுக்கு விண்டோஸ் பழக்கம் கட்டாயம் வேண்டும். ஆனால் எப்போது வேண்டும்? பாடத்திட்டத்தைப் பார்த்து, டேலி எந்தப் பருவத்தில் வருகிறது என்று மகளிடம் கேளுங்கள். முதலாண்டில் இல்லையென்றால் உங்களுக்கு அவகாசம் இருக்கிறது. அதற்குள் கல்லூரி லேப்பில் பழகலாம். டேலிக்கு லைசென்ஸ் வாங்கவும் தேவையில்லை. கற்பவர்களுக்கான எஜுகேஷனல் மோடு இலவசம். மாதத்தின் 1, 2, கடைசித் தேதி ஆகிய நாட்களுக்கு மட்டும் பதிவு போட விடும், கற்றுக்கொள்ள அது போதும்.

ஆகவே நகைச்சீட்டு முடிந்த மறுமாதமே, அந்த 3,000 ரூபாயோடு இன்னொரு ஆயிரம் சேர்த்து வங்கியில் ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) போடுங்கள். பத்து மாதத்தில் 40,000 ரூபாயும் கொஞ்சம் வட்டியும் கையில் இருக்கும். அதற்குள் அரசு லேப்டாப் வந்துவிட்டால் இந்தப் பணம் மகளின் சிஏ இன்டர் பதிவுக்கோ வேறு படிப்புக்கோ ஆகும். வரவில்லையென்றால் கைமேல் பணம் கொடுத்து வாங்கலாம். டேலிக்கும் எக்செல்லுக்கும் 72,000 ரூபாய் லேப்டாப் தேவையே இல்லை. அந்த விலையில் கணிசமான பங்கு, அவள் பயன்படுத்தாத வேகத்துக்குக் கொடுக்கிற காசு.

வாங்கும்போது 8 ஜிபி ரேம் குறைந்தபட்சம், ஆனால் இன்னொரு ரேம் செருக இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேமை போர்டிலேயே ஒட்டிவிடுகிறார்கள், பிறகு கூட்டவே முடியாது. 512 ஜிபி எஸ்எஸ்டி. விண்டோஸ் 11 அசல் லைசென்ஸோடு இருக்க வேண்டும். டாஸ் மட்டும் உள்ளது சில ஆயிரம் குறைவு என்று காட்டுவார்கள், பிறகு விண்டோஸை நீங்கள்தான் தேட வேண்டியிருக்கும். கூட வருகிற எம்எஸ் ஆபீஸ் ஆயுள் முழுவதுக்குமா, ஒரு வருடத்துக்கா என்பதை பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

கம்பெனிகள் பயன்படுத்திக் கழித்த லேப்டாப்பைச் சிலர் சொல்வார்கள். திங்க்பேட் டி480 போன்றவை உறுதியானவை, எட்டாம் தலைமுறை பிராசஸர் உள்ளதாக இருந்தால் விண்டோஸ் 11-க்கும் தகுதி உண்டு. ஆனால் கணக்குப் போடுங்கள்: 25,000 கொடுத்து மூன்று வருடம் ஓட்டினால் வருடத்துக்கு 8,300 ரூபாய். புதியதை 42,000-க்கு வாங்கி ஆறு வருடம் ஓட்டினால் 7,000. பழையதன் பேட்டரியும் சீக்கிரம் கை கொடுக்காது. அவசரத்துக்குத்தான் அது. மேக்புக் நல்ல பொருள், ஆனால் டேலி நேரடியாக ஓடாது. குரோம்புக்கும் அப்படியே. இரண்டும் உங்கள் மகளுக்கு இப்போது வேண்டாம்.

எஸ்எஸ்டி மாற்றும் கடையில் பழைய ஹார்டு டிஸ்க்கைத் தவறாமல் கேட்டு வாங்கி வாருங்கள். சில நூறு ரூபாய்க்கு யுஎஸ்பி உறை கிடைக்கும். அதில் போட்டால், குடும்பப் படங்கள், சான்றிதழ் ஸ்கேன்கள், மகளின் பாடக் குறிப்புகள் எல்லாவற்றுக்கும் இன்னொரு நகல் வைக்கலாம். மாதம் ஒரு முறை மகளைக் காப்பி எடுக்கச் சொல்லிவிட்டு, அதை லேப்டாப் பையில் வைக்காமல் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள்.