ஏ பள்ளியா, பி பள்ளியா: வீடு வாங்கத் துடிக்கும் ஒரு தாய்க்குப் பதில்

அன்புச் சகோதரிக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். டெக்சஸில், டாலஸுக்கு வடக்கே இரண்டு வீடுகள் பார்த்து வைத்திருக்கிறீர்கள். ஒன்று சம்பளத்துக்குள் அடங்குகிறது. அந்தப் பகுதியின் நடுநிலைப் பள்ளிக்கு, ஏ முதல் எஃப் வரை மாநிலம் போடும் மதிப்பீட்டில் கிடைத்திருப்பது பி. இன்னொன்றின் மாதத் தவணை மூச்சு முட்ட வைக்கும். அங்கே பள்ளிக்கு ஏ. வீடு தேடும் ஆப்பில் முதல் பள்ளிக்குப் பத்துக்கு 6, இரண்டாவதற்கு 9 என்று வேறு காட்டுகிறது. மகள் ஆறாம் வகுப்புக்குப் போகிறாள், மகன் கிண்டர்கார்டனில் சேரப் போகிறான். "பிள்ளைகள் படிப்பு விஷயம், கடனை வாங்கிடலாம்னு அவர் சொல்றார். எனக்குத்தான் தூக்கம் வரலை" என்று முடித்திருந்தீர்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஒரு எழுத்துக்காக மட்டும் அவ்வளவு பெரிய கடனில் இறங்க வேண்டாம். பள்ளியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நன்றாகவே விசாரியுங்கள். ஆனால் எழுத்தைப் பிரித்து அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

முதலில் அந்த 6, 9. அவை டெக்சஸ் அரசு கொடுத்த எண்கள் அல்ல. கிரேட்ஸ்கூல்ஸ் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு, மாநிலங்கள் வெளியிடும் தேர்வு விவரங்களை வைத்துத் தானாக ஒரு கணக்குப் போடுகிறது. ஜில்லோ போன்ற வீட்டுத் தளங்கள் அதை எடுத்துக் காட்டுகின்றன. அரசின் ஏ, பி வேறு கணக்கு. ஆனால் இரண்டுக்கும் அடியில் இருப்பது பெரும்பாலும் அதே மாநிலத் தேர்வு. அதனால் "ரெண்டு இடத்துலயும் அதுதான் மேல இருக்கு" என்று நீங்கள் எழுதியதை இரண்டு சாட்சிகளாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மாநிலம் ஏன் பள்ளிக்கு எழுத்துப் போடுகிறது என்பதற்கு ஒரு பின்கதை உண்டு. 2002 ஜனவரியில் அதிபர் புஷ் கையெழுத்திட்ட 'நோ சைல்டு லெஃப்ட் பிஹைண்ட்' சட்டம், 3 முதல் 8 வரை எல்லா வகுப்பிலும், உயர்நிலைப் பள்ளியில் ஒரு முறையும், வாசிப்புக்கும் கணிதத்துக்கும் மாநிலத் தேர்வு வைக்கச் சொன்னது. 2013-14க்குள் எல்லாப் பிள்ளைகளும் தேர்ச்சிக் கோட்டைத் தாண்டியிருக்க வேண்டும் என்றது. எல்லாப் பிள்ளைகளும் என்றால் நூற்றுக்கு நூறு. எந்த மாநிலத்தாலும் அது முடியவில்லை. கோட்டைத் தாண்டியவர் எத்தனை பேர் என்று மட்டுமே எண்ணியதால், கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்ற பிள்ளைகள் மீதே பல பள்ளிகளின் கவனம் போனது. வெகு கீழே இருந்தவர்களும், ஏற்கெனவே தாண்டியவர்களும் கணக்கில் வரவில்லை. அட்லாண்டாவில் இது இன்னும் மோசமாக முடிந்தது. பிள்ளைகளின் தவறான விடைகளை அழித்து மாற்றி எழுதிய விவகாரத்தில் 44 பள்ளிகளைச் சேர்ந்த 178 ஆசிரியர்களும் அலுவலர்களும் சம்பந்தப்பட்டிருந்ததாக ஜார்ஜியா மாநில விசாரணை 2011-ல் சொன்னது.

ஆனாலும் அந்தச் சட்டம் செய்த ஒரு நல்ல காரியத்தை மறக்கக் கூடாது. ஏழைப் பிள்ளைகள், மாற்றுத்திறனாளிகள், ஆங்கிலம் கற்றுக்கொண்டிருப்பவர்கள், ஒவ்வொரு இனத்தவர் என்று தனித்தனியாக மதிப்பெண்ணைக் காட்டச் சொன்னது. பள்ளியின் நல்ல சராசரிக்குப் பின்னால் ஒரு கூட்டம் பிள்ளைகளை மறைத்து வைப்பது அதன்பிறகு கடினமாயிற்று. எனக்கு இதுதான் இந்த முழு ஏற்பாட்டிலும் முக்கியமான பகுதி.

2015 டிசம்பரில் ஒபாமா காலத்தில் அதற்குப் பதிலாக 'எவ்ரி ஸ்டூடன்ட் சக்சீட்ஸ்' சட்டம் வந்தது. தேர்வுகள் அப்படியே இருக்கின்றன. ஆனால் பள்ளியை எப்படி மதிப்பிடுவது என்பதைப் பெருமளவு மாநிலங்கள் கையில் விட்டது. தேர்வு மதிப்பெண், தொடக்க, நடுநிலை வகுப்புகளுக்கு வளர்ச்சி போன்ற இன்னொரு கல்வி அளவீடு, உயர்நிலைப் பள்ளிக்கு நான்கு ஆண்டில் படிப்பை முடிப்பவர் விகிதம், ஆங்கிலம் கற்போரின் முன்னேற்றம், இவற்றோடு வருகை போன்ற வேறொரு அளவீடு என்று சிலவற்றைக் கட்டாயமாக்கியது. ஏழைப் பிள்ளைகளுக்கான கூட்டரசு நிதி பெறும் பள்ளிகளில் கடைசி 5 விழுக்காட்டையும், மூன்றில் ஒரு பங்கு மாணவர்கள் படிப்பை முடிக்காத உயர்நிலைப் பள்ளிகளையும் அடையாளம் கண்டு உதவ வேண்டும் என்றது. கவனித்தீர்களா? சட்டத்தின் அக்கறை தடுமாறும் பள்ளியைக் கண்டுபிடிப்பதில் இருக்கிறது. நன்றாக நடக்கும் இரண்டு பள்ளிகளில் உங்கள் மகளுக்கு எது பொருந்தும் என்று சொல்வதற்காக இந்தக் கருவி செய்யப்படவில்லை.

மாநிலத்துக்கு மாநிலம் முறையும் மாறுகிறது. கலிபோர்னியா ஒற்றை எழுத்தே கொடுப்பதில்லை. ஒவ்வோர் அளவீட்டுக்கும் சிவப்பு முதல் நீலம் வரை ஐந்து நிறங்கள். ஒஹையோவில் நட்சத்திரங்கள். ஃபுளோரிடா 1999-லிருந்தே எழுத்துதான். 'தேர்ச்சி' என்ற கோட்டையே ஒவ்வொரு மாநிலமும் தன் விருப்பப்படி வரைகிறது. ஆகவே சான் ஹோசேயில் இருக்கும் உங்கள் தங்கை அவள் பிள்ளையின் பள்ளியைப் பற்றிச் சொல்வதோடு இதை ஒப்பிட்டுப் பார்ப்பதில் பயனில்லை.

சரி, டெக்சஸுக்கு வருவோம். இங்கே மூன்று பிரிவுகள். முதலாவது மாணவர் அடைவு. நடுநிலைப் பள்ளிக்கு இது முழுக்க முழுக்க ஸ்டார் (STAAR) என்ற மாநிலத் தேர்வு. அந்தத் தேர்வில் அப்ரோச்சஸ், மீட்ஸ், மாஸ்டர்ஸ் என்று மூன்று படிகள். ஒரு பள்ளியில் 80 விழுக்காட்டினர் முதல் படியையாவது எட்டியிருக்கிறார்கள், 50 விழுக்காட்டினர் இரண்டாவதையும், 30 விழுக்காட்டினர் மூன்றாவதையும் எட்டியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 53. அதை அளவுகோலில் மாற்றி எழுத்துப் போடுவார்கள். இந்த எண், பிள்ளைகள் இப்போது எங்கே நிற்கிறார்கள் என்பதைச் சொல்கிறது. அங்கே அவர்களைக் கொண்டுவந்தது பள்ளியா, பெற்றோரின் படிப்பா, வாரக்கடைசி டியூஷனா என்பதைச் சொல்லாது.

இரண்டாவது பிரிவு, பள்ளி முன்னேற்றம். உங்கள் கண் முதலில் போக வேண்டிய இடம் இதுதான். போன ஆண்டு இருந்த இடத்திலிருந்து ஒவ்வொரு பிள்ளையும் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று ஒரு கணக்கு. இதே அளவு ஏழைக் குடும்பப் பிள்ளைகள் படிக்கும் மற்ற பள்ளிகளோடு வைத்துப் பார்த்தால் இந்தப் பள்ளி எப்படி என்று இன்னொரு கணக்கு. இரண்டில் எது நல்லதோ அது சேரும். மூன்றாவது, இடைவெளியைக் குறைத்தல். நான் மேலே சொன்ன தனித்தனிக் குழுக்களின் கணக்கு. கடைசியில் முதல் இரண்டு பிரிவில் எது அதிகமோ அதற்கு 70 விழுக்காடு, மூன்றாவதுக்கு 30. இதிலிருந்தே ஒன்று புரியும்: ஒரு பள்ளி அடைவால் மட்டும் ஏ வாங்கியிருக்கலாம், முன்னேற்றத்தில் சி ஆகவும் இருக்கலாம். முகப்பில் தெரிவது ஏ மட்டும்தான். டெக்சஸ் கல்வித்துறையின் டிஎக்ஸ் ஸ்கூல்ஸ் தளத்தில் பள்ளியின் பெயரைப் போட்டால் மூன்று பிரிவும் தனித்தனியாக வரும். இன்று இரவே இரண்டு பள்ளிகளுக்கும் பார்த்துவிடுங்கள்.

வளர்ச்சி, வளர்ச்சி என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஷான் ரியர்டன் நாடு முழுவதும் பள்ளி மாவட்டங்களின் தேர்வு விவரங்களைத் திரட்டி ஆராய்ந்தவர். சராசரி மதிப்பெண் குடும்பங்களின் பொருளாதார நிலையோடு இறுக்கமாகப் பிணைந்திருக்கிறது. ஆண்டுக்கு ஆண்டு வளர்ச்சியோ அவ்வளவாகப் பிணைந்திருக்கவில்லை என்று கண்டார். சிகாகோ பொதுப் பள்ளிகள் என்றாலே முகம் சுளிப்பவர்கள் உண்டு. அங்கே 2009 முதல் 2014 வரை, மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்குப் போன பிள்ளைகள் ஐந்து ஆண்டில் ஆறு ஆண்டுக்கான படிப்பைக் கற்றிருந்தார்கள். மதிப்பெண் குறைவான பள்ளி என்பதற்கும் கற்பிக்காத பள்ளி என்பதற்கும் அவ்வளவு தூரம்.

கோடே நகர்வதும் உண்டு. டெக்சஸ் உயர்நிலைப் பள்ளிகளில், பட்டம் பெறுவோரில் கல்லூரிக்கோ வேலைக்கோ ராணுவத்துக்கோ தயாரானவர் 60 விழுக்காடு இருந்தால் அந்த அளவீட்டில் ஏ என்று முன்பு இருந்தது. 2023-ல் அதை 88 ஆக உயர்த்தினார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளி மாவட்டங்கள் நீதிமன்றம் போயின. அந்த ஆண்டின் மதிப்பீடு 2025 ஏப்ரலில்தான் வெளிவந்தது. ஏ-யிலிருந்து பி-க்கு இறங்கிய பள்ளியில் ஆசிரியர்கள் அதே ஆசிரியர்களாகவே இருந்திருக்கலாம். எனவே ஓர் ஆண்டின் எழுத்தை மட்டும் பார்க்காமல், மூன்று நான்கு ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள்.

இப்போது மகன் விஷயம். சேர்க்கைப் படிவத்தில் வீட்டில் பேசும் மொழி எது என்று கேட்பார்களே, அதில் ஆங்கிலம் என்று எழுதிவிடச் சொல்லி தோழி ஒருவர் சொன்னதாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். வேண்டாம். தமிழ் பேசினால் தமிழ் என்றே எழுதுங்கள். பையனுக்கு ஆங்கிலம் கேட்டுப் புரிகிறதா, பேச வருகிறதா என்று ஒரு சிறு தேர்வு வைப்பார்கள். நன்றாக வந்தால் அத்தோடு முடிந்தது. வரவில்லை என்றால் அவனுக்குக் கூடுதல் உதவி கிடைக்கும்; அவனுடைய முன்னேற்றத்தைப் பள்ளி மாநிலத்துக்குக் கணக்குக் காட்டியாக வேண்டும். இது பிள்ளையின் மேல் குத்தும் முத்திரை இல்லை. பள்ளியின் மேல் வைக்கும் பொறுப்பு. நம் பிள்ளைகள் பலர் ஓரிரு ஆண்டில் அதிலிருந்து வெளியே வந்துவிடுகிறார்கள்.

ஊருக்குப் போகும் பயணம் பற்றியும் சொல்லியாக வேண்டும். பள்ளி நாட்களில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ வராத பிள்ளைகளின் விகிதத்தை முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் பள்ளியின் மதிப்பீட்டில் சேர்க்கின்றன. 180 நாள் ஆண்டில் அது 18 நாள். முன்கூட்டியே அனுமதி வாங்கிய விடுப்பும் இதில் சேரும். டிசம்பர் விடுமுறையை முன்னும் பின்னும் இழுத்து, பொங்கல் முடித்துத் திரும்பினால், அப்புறம் இரண்டு காய்ச்சலிலேயே 18 வந்துவிடும். டெக்சஸில் இன்னொரு விதி: வகுப்பு நடந்த நாட்களில் 90 விழுக்காடு வந்திருந்தால்தான் அந்தப் பாடத்துக்கு கிரெடிட் கிடைக்கும்; குறைந்தால் பள்ளிக் குழுவிடம் மனுப் போட வேண்டியிருக்கும். பாட்டி தாத்தாவைப் பார்க்காமல் இருக்கச் சொல்லவில்லை. கோடை விடுமுறையில் போங்கள்.

மகளின் எதிர்காலத்தை நினைத்துத்தானே இத்தனை கவலை? அப்படியானால் எழுத்தைவிட எனக்குக் கனமாகத் தெரிவது அவளுடைய கணிதப் பாதை. ஐந்தாம் வகுப்பு ஸ்டார் கணிதத்தில் மேல் 40 விழுக்காட்டில் வந்த பிள்ளையை ஆறாம் வகுப்பில் மேம்பட்ட கணிதத்தில் தானாகவே சேர்க்க வேண்டும் என்று 2023-ல் டெக்சஸ் சட்டம் கொண்டுவந்தது. அந்தப் பாதையில் போனால் எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா, பன்னிரண்டுக்குள் கால்குலஸ். பொறியியலோ கணினியோ நினைக்கும் பிள்ளைக்கு அந்த வாசல் ஆறாம் வகுப்பிலேயே திறக்கிறது. பி பள்ளியில் எட்டாம் வகுப்பு அல்ஜீப்ரா எத்தனை பிரிவு நடக்கிறது, யார் எடுக்கிறார், ஆசிரியர்கள் அடிக்கடி மாறுகிறார்களா என்று நேரில் போய்க் கேளுங்கள். அந்த உரையாடலில் தெரிந்துகொள்வது எந்தத் தளத்திலும் கிடைக்காது.

கல்லூரி பற்றியும் ஒரு வார்த்தை. கல்லூரிகள் மாணவியை அவள் பள்ளியின் பின்னணியில் வைத்துப் படிக்கின்றன. பள்ளியில் என்னென்ன பாடங்கள் இருந்தன, அவற்றில் எதை எடுத்தாள் என்பது அவர்கள் பார்வையில் இருக்கும். டெக்சஸில் வகுப்புத் தர வரிசைக்குச் சட்ட பலமே உண்டு. 1997 சட்டப்படி, உயர்நிலைப் பள்ளியில் மேல் 10 விழுக்காட்டில் முடிப்பவருக்கு மாநிலப் பொதுப் பல்கலைக்கழகங்களில் தானியங்கிச் சேர்க்கை. ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் விலக்கு. அங்கே 2026 இலையுதிர்காலச் சேர்க்கையிலிருந்து மேல் 5 விழுக்காடு. பல்கலைக்கழகத்தில் இடம் உறுதியே தவிர, கேட்ட துறை உறுதியில்லை. எல்லாரும் முட்டி மோதும் ஏ பள்ளிகளில் அந்த 5 விழுக்காட்டுக்குள் வருவதற்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்தே தூக்கம் தொலைக்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அதில் நன்றாக வளரும் பிள்ளையும் உண்டு, வாடிப் போகும் பிள்ளையும் உண்டு. உங்கள் மகள் எந்த வகை என்று உங்களுக்குத்தான் தெரியும்.

பி பள்ளியின் முன்னேற்றப் பிரிவும் மோசமாக இருந்து, மூன்று நான்கு ஆண்டாக இறங்கிக்கொண்டே வந்து, அல்ஜீப்ராவும் இல்லை என்றால் என் பேச்சை நானே மாற்றிக்கொள்வேன். அப்போதும் தவணை அதிகமான அந்த வீட்டை வாங்கச் சொல்ல மாட்டேன். ஏ பள்ளிப் பகுதியில் முதலில் ஓராண்டு வாடகைக்கு இருந்து பாருங்கள் என்பேன். அதேபோல் ஏ பள்ளியின் முன்னேற்றப் பிரிவும் ஏ என்றால் அதையும் மறைக்காமல் உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். அவர் கவலையும் நியாயமானதுதான்.

குடும்பங்களுக்கென மாநிலம் நடத்தும் இணையதளத்தில் மகளின் ஸ்டார் அறிக்கை இருக்கும். கணிதத்திலும் வாசிப்பிலும் கடந்த இரண்டு ஆண்டுக்கான பக்கங்களை எனக்கு அனுப்பி வையுங்கள். இரண்டு பள்ளிகளின் முன்னேற்றப் பிரிவு எழுத்தையும் அதிலேயே குறித்துவிடுங்கள். வீட்டுக்கு முன்பணம் கட்ட எந்தத் தேதி வரை நேரம் இருக்கிறது என்றும் எழுதுங்கள். அதற்கு முன் நாம் மூவரும் ஒரு முறை போனில் பேசிவிடுவோம்.