ரூட்டரை கழட்டிட்டுப் போன பிறகும் பில் வருது, கட்டணுமா?

கேள்வி (மதுரை வாசகி, பேர் போட வேண்டாம்னு கேட்டிருக்காங்க): வீட்டுக்கு ஃபைபர் நெட் போட்டு ஆறு மாசத்துக்கு சேர்த்து பணம் கட்டினோம் சார். மூணாவது மாசம் ரோடு தோண்டினதுல கேபிள் அறுந்து மூணு வாரம் நெட்டே இல்ல. வேணாம் கட் பண்ணிடுங்கன்னு கஸ்டமர் கேர்ல சொன்னேன், ஒரு பையன் வந்து ரூட்டரை கழட்டிட்டுப் போயிட்டான். மீதிப் பணம் வரல. இப்ப ரூட்டர் காசு, பில் பாக்கின்னு 4,850 ரூபா கேட்டு தினமும் போன். போன வாரம் லோக் அதாலத்னு (மக்கள் நீதிமன்றம்) போட்டு வாட்ஸ்அப்ல நோட்டீஸ். கட்டலன்னா போலீஸ் வரும், சிபில் (கடன் ஸ்கோர்) போயிடும்ங்கிறாங்க. பொண்ணுக்கு எஜுகேஷன் லோன் போடணும், கட்டித் தொலைச்சிடலாமா?

பதில்: கட்டாதீங்கம்மா. இப்ப கட்டினா பாக்கி இருந்தது உண்மைதான்னு நீங்களே எழுதிக்கொடுத்த மாதிரி ஆயிடும், அப்புறம் உங்க அட்வான்ஸை திருப்பிக் கேக்கவே வாய் வராது.

முதல்ல அந்த நோட்டீஸ். தராசு படம், சிவப்பு எழுத்துல கடைசி எச்சரிக்கை எல்லாம் இருக்கும், அதை விட்டுடுங்க. யார் கையெழுத்து, எந்த ஊர் லோக் அதாலத், நம்பர் என்ன, எந்தத் தேதி, இது நாலும் இருக்கான்னு மட்டும் பாருங்க. பாதி நோட்டீஸ்ல இருக்காது. இருந்தா 15100க்கு போன் போட்டோ, இல்ல கோர்ட் வளாகத்துல சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆபீஸ்லயோ காட்டி உண்மையான்னு கேட்டுக்கோங்க. உண்மையாவே இருந்தாலும் சாதாரண லோக் அதாலத்ல ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாதான் தீர்ப்பு, நீங்க முடியாதுன்னா அங்க உங்களை யாரும் கட்டச் சொல்ல முடியாது. ஆனா "நிரந்தர மக்கள் நீதிமன்றம்"னு போட்டிருந்தா மட்டும் அசால்ட்டா இருக்காதீங்க, டெலிபோன் மாதிரி பொதுப் பயன்பாட்டு சேவை தகராறுல சமரசம் ஆகலன்னா அவங்களே தீர்ப்பு சொல்லலாம், 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழு சட்டத்துல அதுக்கு இடம் இருக்கு, அதனால கட்டாயம் போய் ஆஜராகுங்க.

போலீஸ் வரும்ங்கிறது சும்மா மிரட்டல். பில் பாக்கி சிவில் விவகாரம், இதுக்கு கைது கிடையாது. அப்படி பேசுறவன் நம்பரையும் நேரத்தையும் குறிச்சு வைங்க, ரெக்கார்ட் இருந்தா அழிக்காதீங்க, பின்னாடி நமக்குத்தான் உதவும். சிபில் விஷயம் மட்டும் முழுப் பொய்னு சொல்ல மாட்டேன், டெலிகாம் கம்பெனிங்களும் பாக்கி விவரம் அனுப்புறது உண்டு. வருஷத்துக்கு ஒரு தடவை சிபில் ரிப்போர்ட் இலவசம், இப்பவே எடுத்துப் பாருங்க. இந்த பாக்கி ஏறியிருந்தா அங்கயே ஆன்லைன்ல டிஸ்ப்யூட் (இது தப்புன்னு ஆட்சேபம்) போடுங்க.

உங்க கேஸ்ல எனக்கு இடிக்கிற இடம் ஒண்ணுதான், எல்லாமே வாயால நடந்திருக்கு. கஸ்டமர் கேர்ல எவ்வளவு கத்தினாலும் டாக்கெட் நம்பர் (புகார் எண்) வாங்கலன்னா சொன்னதுக்கு சாட்சி இல்ல. அதனால இன்னைக்கே ஒரு மெயில் போடுங்க: "இந்தத் தேதியில் இணைப்பைத் துண்டிக்கச் சொன்னேன், இந்தத் தேதியில் உங்கள் ஊழியர் ரூட்டரை எடுத்துச் சென்றார், அதற்குப் பிறகு போட்ட பில்லை ரத்து செய்து, சேவை இல்லாத நாட்களுக்கான தொகையையும் மீதி முன்பணத்தையும் திருப்பித் தரவும்." இவ்வளவு போதும், கோபத்தை அதுல கொட்ட வேணாம். ரூட்டருக்கு ரசீது இல்லன்னா, அந்தப் பையன் வீட்டுக்கு வழி கேட்டு போன் பண்ணியிருப்பான்ல, அந்த கால் லிஸ்ட் ஸ்கிரீன்ஷாட், பிக்கப் மெசேஜ், எதிர்வீட்டு கேமரா, எது கிடைச்சாலும் சேர்த்து வைங்க.

பதில் திருப்தியா இல்லன்னா அதே கம்பெனியோட அப்பலேட் அத்தாரிட்டிக்கு (மேல்முறையீட்டு அதிகாரி) அப்பீல். டெலிகாம் கம்பெனிகளை ஒழுங்குபடுத்துற ட்ராய் 2012ல கொண்டுவந்த விதி இது, ஃபீஸ் கிடையாது, 39 நாள்ல முடிவு சொல்லணும். நிறைய பேர் நேரா ட்ராய்க்கே எழுதிட்டு காத்துக்கிட்டு இருக்காங்க, ட்ராய் தனிநபர் புகாரை விசாரிக்காது, கம்பெனிக்கு தள்ளிவிட்டுடும், அவ்வளவுதான்.

அப்பீலும் உருப்படலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனி வக்கீல் வந்து டெலிகாம் கேஸ் இங்க செல்லாதுன்னு பழைய தந்தி சட்டத்தை தூக்குவாரு, 2009ல சுப்ரீம் கோர்ட்டே அப்படி ஒரு தீர்ப்பு சொன்னதுதான். ஆனா 2022 பிப்ரவரியில வோடஃபோன் ஐடியா வழக்குல நுகர்வோர் கோர்ட்டுக்கு போகலாம்னு அதே சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிடுச்சு, அந்தத் தீர்ப்பை ஒரு காப்பி கையில வச்சுக்கோங்க. கம்பெனி ஹெட் ஆபீஸ் மும்பையில இருந்தாலும் நீங்க குடியிருக்கிற மதுரையிலயே போடலாம், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல வந்த பெரிய வசதி அது. சேவைக்கு நீங்க கட்டின தொகை 5 லட்சம் வரைக்கும்னா கட்டணம் இல்ல, வக்கீல் வச்சே ஆகணும்னும் இல்ல (வக்கீலான நானே சொல்றேன்), நுகர்வோர் ஆணையங்களோட இ-ஜாக்ரிதி வெப்சைட்ல ஆன்லைன்லயே தாக்கல் பண்ணலாம். பிரச்சினை ஆரம்பிச்ச நாள்ல இருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டாகணும்.

நிரந்தர மக்கள் நீதிமன்றத்துக்கு நீங்களாவும் மனு கொடுக்கலாம், ஆனா அங்க போட்டா அதே தகராறுக்கு வேற கோர்ட்டுக்கு போக முடியாது, ஒண்ணைத்தான் பிடிக்கணும். உங்களுக்கு நான் நுகர்வோர் ஆணையம்தான் சொல்லுவேன், பில் ரத்து, மீதிப் பணம், தினமும் போன் போட்டு மிரட்டின மன உளைச்சலுக்கு நஷ்டஈடு, வழக்குச் செலவு எல்லாத்தையும் ஒரே மனுவுல கேட்டுடலாம்.