மேய்ப்பர்களும் சாஸ்திரிகளும் ஒரே இரவில் வந்தார்களா?

ஞாயிறு பள்ளிக் கிறிஸ்துமஸ் நாடகத்தில், குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மேய்ப்பர்களையும் சாஸ்திரிகளையும் (கிழக்கிலிருந்து வந்த ஞானிகள்) ஒரே காட்சியில் வைத்ததற்கு, "இது எந்த வசனத்தில் இருக்கிறது?" என்று சபைப் பெரியவர் கேட்டுவிட்டதாக எழுதியிருந்தீர்கள். அவர் கேட்டது நியாயம்தான், ஆனால் இந்தக் கலவை உங்கள் தவறு இல்லை, பல நூற்றாண்டுப் பழக்கம்.

குடிமதிப்பு (மக்கள் கணக்கெடுப்பு), முன்னணை (தீவனத் தொட்டி), மேய்ப்பர்கள் எல்லாம் லூக்கா சுவிசேஷத்தில் மட்டும். நட்சத்திரம், ஏரோது ராஜா குழந்தைகளைக் கொல்வது, எகிப்துக்குத் தப்பிப் போவது மத்தேயு சுவிசேஷத்தில் மட்டும். அங்கே சாஸ்திரிகள் வருவது ஒரு வீட்டுக்கு, எத்தனை பேர் என்றும் இல்லை, காணிக்கை மூன்று வகை என்பதால் பிற்காலத்தில் ஆளையும் மூன்றாக்கிவிட்டார்கள். மாடும் கழுதையும்கூட இரண்டிலும் கிடையாது, அவை பழைய ஏற்பாட்டின் ஏசாயா 1:3-ஐ வைத்துப் பின்னால் சேர்ந்தவை.

இரண்டையும் ஒரே காலவரிசையில் கோக்கப் போனால் இன்னொரு சிக்கல்: ஏரோது இறந்தது கி.மு. 4 என்பதுதான் பெரும்பாலான அறிஞர்களின் கணிப்பு, லூக்கா சொல்லும், சிரியாவின் ரோம ஆளுநர் சிரேனியுவின் குடிமதிப்போ கி.பி. 6-ல். அதனால் எனக்கு இரண்டையும் தனித்தனியாக வாசிப்பதுதான் நேர்மையாகப் படுகிறது. அப்புறம் டிசம்பர் 25 பற்றிக் கேட்டிருந்தீர்கள், அந்தத் தேதி எந்தச் சுவிசேஷத்திலும் இல்லை, ரோமில் 354-ல் தொகுத்த நாட்காட்டியில்தான் தெளிவாகத் தெரிகிறது. அர்மீனியத் திருச்சபை இன்றும் ஜனவரி 6-ல்தான் கொண்டாடுகிறது.

நாடகத்தை முழுசாக மாற்ற வேண்டாம். இரண்டு காட்சியாகப் பிரித்து, ஒரு பிள்ளை "லூக்கா சொல்கிறார்" என்றும் இன்னொரு பிள்ளை "மத்தேயு சொல்கிறார்" என்றும் தொடங்கட்டும்.