வீட்டு உறுதியை ஈடு வைத்து விமானி ஆக வேண்டாம்

உரும்பிராயிலிருந்து ஒரு குடும்பம் போன கிழமை ஆலோசனைக்கு வந்தது. மகள் கணிதப் பிரிவில் உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறாள். விமானி ஆக வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அதைக் கேள்விப்பட்ட ரொறன்ரோ மாமா, வெளிநாட்டுப் பள்ளி ஒன்றின் 14 மாதக் கோர்ஸுக்கு விவரம் எடுத்து அனுப்பிவிட்டார். பாதிக் காசு அவர் தருவாராம், மீதிக்கு வீட்டு உறுதியை ஈடு வைக்கட்டாம். சேரும்போதே முழுக் கட்டணமும் கட்ட வேண்டும். “முடிஞ்ச உடனே எயார்லைன்தானாம். எங்களுக்குத்தான் நித்திரை வருதில்லை” என்றார் தாய்.

அம்மா, நித்திரை வராததில் பிழை இல்லை. அந்தக் கோர்ஸ் வேண்டாம்.

மாமா அனுப்பிய தாளில் எழுதாதவற்றைச் சொல்கிறேன். சி.பி.எல். எனப்படும் வர்த்தக விமானி அனுமதிப்பத்திரம் கையில் இருப்பதும் வேலை கையில் இருப்பதும் ஒன்றல்ல. அதற்கு மேல் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதி, பல எஞ்சின் தகுதி, பிறகு எயார்பஸ் போன்ற குறிப்பிட்ட ரகத்துக்கான பயிற்சி என்று செலவு நீளும். வெளிநாட்டில் எடுத்த அனுமதிப்பத்திரத்தோடு இங்கே வேலை செய்ய, நம் நாட்டுச் சிவில் விமான அதிகாரசபையிடம் அதை மாற்றியெடுக்க வேண்டும். முழுப் பணத்தையும் முதலிலேயே வாங்கிய பள்ளிகள் இடைநடுவில் மூடப்பட்டு, பிள்ளைகள் தெருவில் நின்றது பல நாடுகளில் நடந்திருக்கிறது.

காசு ஒரு பக்கம். இன்னொரு பயமும் இருக்கிறது. நல்ல விமானி அடிக்கடி சொல்ல வேண்டிய சொல் “இன்றைக்கு வேண்டாம்” என்பது. மேகம் இறங்கி வருகிறது, திரும்புகிறேன். தலை இடிக்கிறது, இன்று ஏறவில்லை. தரையிறங்கும் கோணம் சரிவரவில்லை, மறுபடி மேலே எழுப்பி ஒரு சுற்று வருகிறேன். எப்படியாவது போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் மோசமான வானிலைக்குள் நுழைந்ததால் நடந்த சிறிய விமான விபத்துகள் ஏராளம். வீடு ஈட்டில் இருக்கிறது, 14 மாதத்தில் முடிக்க வேண்டும், மாமா ஒவ்வொரு ஞாயிறும் அழைத்து “எத்தனை மணித்தியாலம் ஆச்சு?” என்று கேட்கிறார் என்றால், எந்தப் பிள்ளைக்கு அந்தச் சொல் வாயில் வரும்?

விமானப்படை, எயார்லைன்களே ஆள் எடுத்துப் பழக்கும் கடெட் திட்டங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை விடுகிறேன். நம் ஆட்கள் கண்டுகொள்ளாத வழி ஒன்று உண்டு. கொழும்புக்குப் பக்கத்தில் இரத்மலானை விமான நிலையத்தில் உள்ள பறப்புப் பள்ளியில் பி.பி.எல்., அதாவது தனியார் விமானி அனுமதிப்பத்திரம், அதை மட்டும் முதலில் எடுப்பது. உழைப்புக்கு உதவாத காகிதம் என்று சொந்தக்காரர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அதற்கும் முன்னால், தொழில் விமானிகளுக்குக் கேட்கும் முதலாம் வகுப்பு மருத்துவப் பரிசோதனை. பறக்கும் கட்டணம் ஒரு சதமும் கட்டாமல் இதைச் செய்யுங்கள். கண்ணாடி போட்டால் பறக்க முடியாது என்று ஊரில் சொல்வது பிழை, பார்வை திருத்தக்கூடியதாக இருந்தால் போதும். நிறம் பிரித்தறிவதில் குறை இருந்தால் சிக்கல். இசிஜி, காது, இரத்தம் எல்லாம் பார்ப்பார்கள். எந்த நோயையும் மறைக்க வேண்டாம். இந்தச் சான்றிதழைத் தொழில் முழுக்கப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பி.பி.எல்.லுக்கு 17 வயது போதும். சர்வதேச விதிப்படி குறைந்தது 40 மணித்தியாலம் பறக்க வேண்டும், அதில் 10 தனியாக. 40 இல் முடிப்பவர்கள் குறைவு, ஆகவே கணக்குப் போடும்போது கூட்டியே போடுங்கள். மழைக்காலத்தில் நாட்கள் வீணாகும், அதையும் சேர்த்துத்தான். செஸ்னா 152 போன்ற இரண்டு இருக்கை விமானத்தில், பக்கத்தில் ஆசிரியர். ஏறுமுன் எரிபொருளைத் தானே அளந்து பார்க்கவும், ஒவ்வொன்றாகச் சரிபார்க்கவும் பழக்குவார்கள். வேகம் குறைந்து இறக்கை தாங்கும் சக்தியை இழப்பதை வேண்டுமென்றே செய்து காட்டி, மூக்கைத் தாழ்த்தி மீளச் சொல்வார்கள். எஞ்சின் நின்றுவிட்டது என்று வைத்துக்கொண்டு, இறங்க ஒரு வெளியைத் தேடச் சொல்வார்கள். ஓடுபாதையைச் சுற்றிச் சுற்றி ஏறி இறங்கிக் கை பழகியதும் ஒரு நாள் ஆசிரியர் இறங்கிக்கொள்வார், பிள்ளை தனியாக ஏறுவாள். கடைசியில் குறைந்தது 270 கிலோமீற்றர் தனிப்பயணம், வழியில் இரண்டு வேறு விமான நிலையங்களில் இறங்கி. இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு வான்வழித் தூரம் அதைவிட அறுபது கிலோமீற்றரளவு கூட.

இதில் செலவாகும் காசு முழுக் கோர்ஸின் ஒரு பங்குதான். பறந்த மணித்தியாலத்துக்கு மட்டும், பறந்த பிறகு கட்டுங்கள். முன்பணம் கேட்டால் சிறு தொகைக்கு மேல் கொடுக்க வேண்டாம், பற்றுச்சீட்டு இல்லாமல் அதுவும் வேண்டாம். பிள்ளைக்கு இது ஒத்துவராது என்று தெரிந்தால் அங்கேயே நிற்கலாம், வீடு வீடாக இருக்கும். ஒத்துவந்தால் அந்த மணித்தியாலங்கள் சி.பி.எல்.லுக்கான கணக்கில் சேரும். பல்கலைக்கழகம் கிடைத்தால் அதை விடவும் தேவையில்லை, விடுமுறைகளில் பறக்கலாம்.

தங்கச்சி, உங்களுக்கும் ஒன்று. உங்கள் கணிதம் போதும், ஆங்கிலப் பேச்சு போதாது. வானொலியில் கட்டுப்பாட்டாளர் வேகமாகச் சொல்வதைக் கேட்டு அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். விமானிகளின் ஆங்கிலத்துக்கான சர்வதேச அளவுகோலில் நான்காம் நிலை கட்டாயம். முடிவு வரும்வரை இருக்கும் மாதங்களை இதற்கே கொடுங்கள். பள்ளியைப் பார்க்கப் போகும்போது அங்கே படிக்கும் பிள்ளைகளிடம் ஒன்று கேளுங்கள்: “இன்று பறக்கவில்லை என்று நீங்கள் சொன்னால் ஆசிரியர் என்ன சொல்வார்?” முகம் சுளிப்பார் என்றால் அடுத்த பள்ளியைப் பாருங்கள்.

மாமாவிடம் நானே பேசுகிறேன். அவர் உண்மையிலேயே உதவ விரும்பினால் மருத்துவச் செலவையும் முதல் 10 மணித்தியாலத்தையும் ஏற்கட்டும்.

பொம்பிளைப் பிள்ளை கொழும்பில் எங்கே தங்குவாள் என்று தகப்பன் கேட்டார். வெள்ளவத்தையில் நம் ஆட்களின் வீடுகளில் அறை கிடைக்கும். அங்கிருந்து காலி வீதி பஸ்ஸில் ஏறினால் இரத்மலானை. ரயிலும் உண்டு.