முக்கூடல் 2-ம் பாளை 4-ம் ஒண்ணா?

கேள்வி: முக்கூடல்ல பீடி சுத்துற அக்காமாருகிட்டயும், பாளையங்கோட்டையில ஆபீஸ் வேலை பாக்குற பொம்பளைங்ககிட்டயும் முதுகுவலிக்கு 1-லேருந்து 5 வரை மார்க் போடச் சொன்னேன், 5-ன்னா தாங்க முடியாத வலி. பீடிக்காரங்க சராசரிதான் கம்மியா வருது. அப்படியே ரிப்போர்ட்ல போட்டுறலாமா சார்?

பதில்: போட்டுறாதீங்க தம்பி. நாள் பூரா சுளகை மடியில வச்சு குனிஞ்சே உக்காந்திருக்கவங்க "லேசாத்தான்ய்யா வலிக்கி"ன்னு 2 போட்டுருவாங்க, ஏன்னா அவங்க தெருவுல அம்புட்டுப் பேருக்கும் அந்த வலி இருக்கு, அதை வலின்னே யாரும் கணக்குல எடுக்கறதில்ல. சேர்ல உக்காந்து வேலை பாக்குறவங்க அதே வலிக்கு 4 போடலாம். பொய் யாரும் சொல்லல. இங்கன மட்டும் இல்ல, ஆயுசு கூடுதலா இருக்க கேரளாவுலதான் எனக்கு நோய் இருக்குன்னு சொல்றவங்களும் ஜாஸ்தி, பீகார்ல கம்மி, வாயால சொல்றத மட்டும் வச்சு ஆரோக்கியத்த அளந்தா ஏமாந்துருவோம்னு அமர்த்தியா சென் 2002-லயே எழுதிட்டாரு.

ரெண்டு பக்கமும் ஒரே கற்பனை ஆளக் காட்டி அதுக்கும் மார்க் கேளுங்க. "செல்விக்கு தரையிலருந்து எந்திரிக்கணும்னா சுவரப் பிடிக்கணும், ராத்திரி ரெண்டு தடவ வலியில முழிச்சிருவா, அவளுக்கு எத்தன?" முக்கூடல் அக்கா தனக்கு 2, செல்விக்கும் 2 போட்டா அவங்க வலி செல்வி அளவு. பாளை மேடம் தனக்கு 4, செல்விக்கு 5-ன்னா செல்விய விட கம்மி. வரிசையே தலைகீழாயிட்டா? கேரி கிங், கிறிஸ்டோபர் மர்ரேன்னு ஆராய்ச்சி பண்றவங்க எல்லாம் சேந்து 2004-ல இந்த முறைய விளக்கும்போது, அரசாங்கத்துல உங்க பேச்சு எடுபடுமான்னு கேட்டதுல மெக்சிகோகாரங்கள விட சீனாக்காரங்க கூடுதலா எடுபடும்னு சொன்னாங்க, இந்த மாதிரி கற்பனை ஆளு கதைய வச்சு சரி பண்ணதும் அது அப்படியே தலைகீழாயிட்டு.

ஒரு கதை பத்தாது. லேசு, நடுத்தரம், மோசம்னு மூணு வைங்க, அதுக்கு கீழ, சமம், நடுவுல, எல்லாத்துக்கும் மேலன்னு பிரிச்சா 7 படி கிடைக்கும். கதையில "கடுமையான வலி"ன்னு மட்டும் எழுதிறாதீங்க, அப்புறம் அதுக்கும் ஆளுக்கொரு அர்த்தம். என்ன செய்ய முடியல, அத மட்டும் சொல்லுங்க.

இதுல ஒரு சிக்கல் இருக்கு. கம்பெனி ஆளு பக்கத்துல நின்னா வேலை போயிருமோன்னு தன் வலிய குறைச்சு சொல்லுவாங்க, செல்வி வலிய குறைக்க மாட்டாங்கல்லா, அங்க இந்த முறை படுத்துரும். வீட்டுல வச்சு தனியா கேளுங்க. லேசான கதைக்கு கூடவும் மோசமானதுக்கு கம்மியாவும் போடுறவங்கள தூக்கி எறியாம எத்தன பேருன்னு எண்ணுங்க, நிறைய இருந்தா கதையத் திருத்தி மறுபடி கேக்கணும்.