தலைவரின் கையெழுத்து

அன்புள்ள ஐயா, வணக்கம்.

என் மகள் படிக்கும் அரசு நடுநிலைப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு என்னைத் தலைவராகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நான் பத்தாவது வரை படித்தவள். “மாதம் ஒருமுறை வந்து கையெழுத்துப் போடுங்கள், போதும்” என்று தலைமையாசிரியர் அன்பாகத்தான் சொல்கிறார். வெறும் கையெழுத்துக்கு நான் எதற்கு என்று தோன்றுகிறது. கேள்வி கேட்டால் மகள்மீது அதைக் காட்டுவார்களோ என்ற பயமும் இருக்கிறது. ஏற்கலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

தாராளமாக ஏற்றுக்கொள்ளுங்கள். உங்கள் படிப்பு இதற்கு ஒரு தடையே அல்ல. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆவது பிரிவு, குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறதே தவிர, எவ்வளவு படித்திருக்க வேண்டும் என்று கேட்கவில்லை. தமிழ்நாட்டில் தலைவர் பொறுப்பு அங்கு படிக்கும் பிள்ளையின் தாய்க்கு உரியது. தலைமையாசிரியர் கூட்டத்தைக் கூட்டும் ஒருங்கிணைப்பாளர். பல ஊர்களில் மனைவி பெயரில் கணவர் வந்து உட்கார்ந்துவிடுகிறார்; அதற்கு மட்டும் இடம் கொடுத்துவிடாதீர்கள்.

கையெழுத்தை எளிதாக எண்ணிவிட வேண்டாம். பள்ளிக்கு வரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பது குழுவின் சட்டக் கடமை என்பதால், தீர்மானப் பதிவேட்டில் நீங்கள் போடும் கையெழுத்து, அதற்கு மேலே எழுதியிருப்பதெல்லாம் கூட்டத்தில் பேசி முடிவானது என்று நீங்கள் தரும் சாட்சி. மேலே இடம் விட்டு, ‘அப்புறம் எழுதிக்கொள்கிறேன்’ என்று நீட்டப்படும் பக்கத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். அப்படி நீட்டுகிறவர் மோசடிக்காரராக இருக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் பத்துப் பதிவேடுகளை ஒரே ஆளாக எழுதிச் சலித்துப்போன ஆசிரியராகத்தான் இருப்பார். “சார், எழுதி முடியுங்கள், இருந்து படித்துவிட்டே போகிறேன்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருங்கள். ‘கழிப்பறை பழுது பார்க்கப்பட்டது’ என்று எழுதியிருந்தால், கையெழுத்துக்கு முன் எழுந்து போய்க் குழாயைத் திறந்து பாருங்கள். தண்ணீர் வராவிட்டால் அந்த வரியைத் திருத்தி எழுதச் சொல்லுங்கள்.

மகளைப் பற்றிய உங்கள் பயத்தை நான் லேசாக நினைக்கவில்லை. 17ஆவது பிரிவு பிள்ளைகளை அடிப்பதையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் தடைசெய்கிறது. ஆனால் ஓர் ஆசிரியர் முகம் கொடுக்காமல் இருந்தால் அதற்கு எந்தப் பிரிவும் கிடையாது. ஆகவே எல்லாக் கேள்வியையும் நீங்களே கேட்காதீர்கள். 2024இல் குழு 24 பேர் கொண்டதாக மாற்றியமைக்கப்பட்டபோது முன்னாள் மாணவர்களும் உறுப்பினராகச் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் பிள்ளை அங்கே படிக்காத ஒருவர் செலவுக் கணக்கைக் கேட்டால் யாருக்கும் சங்கடமில்லை. உள்ளாட்சி உறுப்பினரும் குழுவில் இருக்கிறார். குடிநீருக்கும் சுற்றுச்சுவருக்கும் அவரைத்தான் பிடிக்க வேண்டும்.

தலைமையாசிரியரோடு சேர்ந்து செய்யவும் ஒரு வேலை இருக்கிறது. சட்டப்படி குழு தயாரிக்க வேண்டிய பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தின் அடிப்படையில்தான் அரசு அந்தப் பள்ளிக்கான நிதியைத் திட்டமிட வேண்டும். ஆசிரியர் பற்றாக்குறையைத் தலைமையாசிரியர் தனியாக எழுதினால் மேலிடத்தில் அது வழக்கமான புலம்பலாகிவிடலாம். பெற்றோர் கூடித் தீர்மானமாக அனுப்பும்போது, அதைச் சொல்ல முடியாமல் இருந்த அவருக்கே அது பலம். முதல் கூட்டத்தில் இந்தத் திட்டத்தைப் பேச்சுக்கு எடுங்கள். கணக்கை இரண்டாவது கூட்டத்தில் கேட்டுக்கொள்ளலாம்.