விண்கலத்தில் நடக்கும் தொலைக்காட்சித் தொடரான ஸ்டார் ட்ரெக்கை ஒட்டி எழுதும் நாவலில் கேப்டன் சாகமாட்டார் என்று தெரியும். பிறகு வேற்றுயிர் அவர் உடலில் புகுந்தால் என்ன பதற்றம்?

கேட்டவர் இப்படி ஒரு நாவலைப் பாதியில் மூடி வைத்தவராகத்தான் இருப்பார். கேள்வி நியாயம்தான். உரிமம் வாங்கி எழுதும் நாவலுக்குக் கதைச்சுருக்கத்தையே பதிப்பாசிரியரும் தொடரின் உரிமையாளரும் ஒப்புக்கொள்ள வேண்டும். கைப்பிரதிக்கும் அதே கதி. முக்கியப் பாத்திரங்களை எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்துவிட வேண்டும்.

அதனால் ‘பிழைப்பாரா’ என்பதை நம்பி எழுதினால் கதை படுத்துவிடும். ‘இப்போது அது யாருக்குள் இருக்கிறது, எதற்கு வெளியே வரும்’ என்பதில்தான் பிடி இருக்கிறது. அந்த விதியை முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் வாசகரிடம் சொல்லியாக வேண்டும். மருத்துவப் பிரிவின் ஸ்கேனரில் அது ஏன் சிக்கவில்லை, ஆளை நொடியில் வேறிடத்துக்கு அனுப்பும் டிரான்ஸ்போர்ட்டரில் கிருமிகளைத் தடுக்கும் பயோஃபில்டர் அதை ஏன் வடிகட்டவில்லை என்பதற்கும் அங்கேயே பதில் வேண்டும். இல்லாவிட்டால் கடைசி அத்தியாயத்தில் பொறியாளர் திடீரென்று ஒரு கருவியைக் கண்டுபிடிப்பார், எல்லாம் சரியாகிவிடும். பெரும்பாலான நாவல்கள் கவிழ்வது இந்த இடத்தில்தான்.

இதற்குப் பாடம் தொலைக்காட்சித் தொடரிலேயே இருக்கிறது. 1967இல் வந்த ‘வுல்ஃப் இன் த ஃபோல்ட்’ அத்தியாயத்தில் வரும் உயிருக்குப் பயம்தான் தீனி. கப்பலின் மருத்துவர் மெக்காய் கப்பல் முழுக்க எல்லோருக்கும் மயக்க மருந்து போட்டுத் தீனியை நிறுத்துகிறார். அது ஒளிந்திருக்கும் கணினியிடம் முடிவே இல்லாத ‘பை’ (π) எண்ணின் கடைசி இலக்கம் வரை கணக்கிடச் சொல்லி, வல்கன் கிரகத்து அதிகாரியான ஸ்போக் அதைத் துரத்துகிறார். 1968இன் ‘ரிட்டர்ன் டு டுமாரோ’வில் உடல் இல்லாத வேற்றுயிர்கள் சம்மதம் கேட்டுத்தான் புகுகிறார்கள். ஆனால் அவர்கள் புகுந்ததும் ஏறும் சூட்டை இரவல் உடல் தாங்காது, ஊசி மருந்து வேண்டும். ஸ்போக்கின் உடலில் இருப்பவன் கேப்டனுக்குப் போகும் மருந்தில் கை வைக்கிறான். கேப்டன் கிர்க் சாகமாட்டார் என்று தெரிந்தாலும் அந்த ஊசியைப் பார்க்கும்போது வயிறு கலங்கும். 1992இன் ‘பவர் ப்ளே’யில் கப்பல் பணியாளர் ஓ’பிரையனின் உடலில் இருப்பது அவருடைய மனைவியையும் கைக்குழந்தையையுமே பிணை பிடிக்கிறது. அங்கே யார் பிழைப்பார் என்ற யோசனையே வராது.

நாவலில் வேண்டுமென்றால் ஜே. எம். டில்லார்டின் ‘டெமன்ஸ்’ (1986). தீமை வந்து இறங்குவது ஸ்போக்கின் சொந்த ஊரான வல்கன் கிரகத்தில். உணர்ச்சியைக் காட்டாத மனிதர்கள். ஸ்போக்கின் அப்பா சாரெக்கே மாட்டிக்கொள்கிறார். முகத்தில் எதுவும் தெரியாத ஊரில் யார் மாறிவிட்டார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

‘தொடரை ஒட்டிய நாவல் எல்லாம் கூலிக்கு மாரடிப்பு’ என்று யாராவது வரத்தான் போகிறீர்கள். வெளியே போகும் கதவை அடைத்துவிட்டு உள்ளேயே பதற்றத்தை உண்டாக்குவது லேசுப்பட்ட வேலை இல்லை, எழுதிப் பாருங்கள்.

அப்புறம் நாவல்களின் அட்டையில் போடும் வரிசை எண்கள், தலைவலி. ‘டெமன்ஸ்’ 30, அதன் தொடர்ச்சியான ‘பொசெஷன்’ (1996, கேத்லீன் ஓ’மாலியுடன் சேர்ந்து எழுதியது) 40. நடுவில் ஒன்பது புத்தகம் தேட வேண்டாம். முதலாவது கிர்க் கேப்டனாக வரும் பழைய தொடரின் வரிசை, இரண்டாவது பிக்கார்ட் கேப்டனாக வரும் பிந்தைய தொடரின் வரிசை. பழைய புத்தகக் கடையில் எண்ணைச் சொல்லாதீர்கள், தலைப்பைச் சொல்லிக் கேளுங்கள்.